பலகாரம் விற்கிறது, காசு நிற்கவில்லை

காரைக்குடியில் பலகாரக் கடை, தினமும் வியாபாரம் நடந்தும் கையில் காசு நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கணக்கையே பாருங்கள் அண்ணே. கிலோவுக்கு அடக்கம் 300, விலை 360. 20 கிலோ போட 6,000 ரூபாய். உடைந்தது, மிஞ்சியது 3 கிலோ போக 17 கிலோ விற்றால் 6,120. நாளெல்லாம் அடுப்படியில் வெந்து 120 ரூபாய்! 18 கிலோ மட்டும் போட்டு அதே 17 விற்றால் 720 நிற்கும். விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். உடைந்த சீப்புச் சீடையைத் தனியாகப் பொட்டலம் கட்டி விலை குறைத்துக் கொடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அப்புறம், மார்கழியில் கல்யாண ஆர்டர் இல்லை என்கிறீர்கள். சரி, ஆனால் பக்கத்து ஆத்தங்குடி, கானாடுகாத்தான் ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிற குளிர்காலமும் அதுதானே? அவர்களுக்குக் நம்ம செட்டிநாட்டுப் பலகாரமான மணகோலம் கால் கிலோ பாக்கெட் போதும். கடைசியாக, சொந்தக்காரர்கள் கடனுக்கு வாங்கிப் போவதற்கு மட்டும் தனி நோட்டுப் போடுங்கள்.