சரக்கு ரயில் நிறுவனத்தில் சிக்கனத் திட்டம் வந்தால் முதலில் யாருடைய வேலை போகும்?

நீங்கள் கேட்கும் தோரணையைப் பார்த்தால், "நிர்வாகத்தை எளிமையாக்குகிறோம்" என்ற மின்னஞ்சல் உங்களுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் போவது நடுமட்ட மேலாளர்கள்தான். தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. இவர்களுக்காகக் கேட்க நாதியில்லை. அமெரிக்காவில் சி.எஸ்.எக்ஸ். நிறுவனம் 2017 பிப்ரவரியில் சுமார் 1,000 நிர்வாகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. குறைந்த ஆட்களையும் இன்ஜின்களையும் வைத்து, கறாரான நேரப்படி சரக்கு ரயில்களை ஓட்டும் 'துல்லிய அட்டவணை' முறையின் தந்தை ஹன்டர் ஹாரிசன் அங்கே தலைமைப் பொறுப்பேற்றதே மார்ச்சில்தான். நூறு டாலர் வருமானத்துக்கு 69 டாலராக இருந்த இயக்கச் செலவு 2018-இல் 60 ஆனது. இடையில், 2017 கோடையில் சரக்குகள் வழியெங்கும் தேங்கி, அக்டோபரில் வாஷிங்டனில் ஒழுங்குமுறை வாரியத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் இருந்தது அமெரிக்காவிலேயே வேறொரு நிறுவனம், பெயர் வேண்டாம். 2019-இல் மூன்று யார்டுகளுக்கு (பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடங்கள்) ஒரே மேலாளர் என்றார்கள். 31 வருடம் இருந்த எங்கள் கண்காணிப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையோடு போய்விட்டார். அவருடைய சாப்பாட்டு டப்பா ஒரு வாரம் குளிர்பெட்டியிலேயே கிடந்தது. எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த மாதம், 200 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த புது மேலாளர் முக்கியப் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பதற்கான ஒரு கிளைத் தண்டவாளத்துக்கு 22 பெட்டிகளை அனுப்பினார். கணினியும் 22 கொள்ளும் என்றுதான் காட்டியது. கடைசி ஐந்து பெட்டி நீளத்துக்கு மண் இறங்கியிருந்தது யாருக்குத் தெரியும்? வால் பகுதி முக்கியப் பாதையில் நின்றது. ஓட்டுநருக்குச் சட்டப்படி 12 மணி நேரம் முடிந்ததால் இறங்கிவிட்டார். வெட்கத்தை விட்டுப் பழையவருக்குப் போன் செய்தேன். கேள்வியை முடிப்பதற்குள் "பதினேழு" என்றார்.

"ஆட்குறைப்பே தவறா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இல்லை. அறிக்கைக்கு அறிக்கை எழுதவே எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஹாரிசனையும் குறை சொல்லவில்லை. ரயில் பெட்டிகளுக்கு எண்ணெய் போடும் வேலையில் தொடங்கியவருக்குப் பதினேழு என்றால் என்னவென்று புரிந்திருக்கும். அவரைக் காப்பியடித்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

இதில் ஊரில் சித்தப்பா வேறு, "ரயில்வே என்றால் அரசாங்க வேலை, உன்னை யார் தூக்குவார்கள்?" என்பார். அமெரிக்காவில் சரக்கு ரயில் தனியார் தொழில் என்று பத்து வருடமாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் வேலை போன பிறகுகூட, தீபாவளிக்கு டிக்கெட் உறுதி செய்து தரச் சொல்லிக் கேட்டார்.