மிளகு இருக்க மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்குக் காசநோய் என்று கண்டறிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தருகிறார்கள். மிளகு அந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டும், ஆகவே மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு மாத்திரையைப் பாதியாக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடவே கூடாது, அம்மா. மாத்திரையில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். ஆனால் உங்கள் உறவினர் கேள்விப்பட்ட செய்திக்கு ஓர் அடிப்படை உண்டு என்பதால் அதையும் விளக்கிவிடுகிறேன்.

மிளகுக்கும் திப்பிலிக்கும் காரத்தைத் தருவது பைப்பரின் என்னும் வேதிப்பொருள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் நம் பழைய மருந்துகள் பலவற்றில் ஏன் இடம்பெறுகிறது என்ற கேள்வியோடு ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு காசநோய் மாத்திரையாகவே உருவெடுத்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்தை 200 மில்லிகிராமாகக் குறைத்து, அதனுடன் ஐசோனியாசிட் என்னும் இன்னொரு காசநோய் மருந்து 300 மில்லிகிராமும் 10 மில்லிகிராம் பைப்பரினும் சேர்த்த அந்த மாத்திரை 2009-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

பைப்பரின் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. நம் உடலில், மருந்தைச் சிதைக்கும் நொதிகளையும், உள்ளே வந்த மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் ஒரு புரதத்தையும் தடுத்து, இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவைக் கூட்டுகிறது. கிருமியிலோ, ஓட்டைப் படகில் புகும் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல, தனக்குள் நுழைந்த மருந்தை வெளியேற்றும் புரதங்கள் சில உண்டு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பைப்பரின் அந்த இறைப்பைத் தடுத்திருக்கிறது. காசநோய்க் கிருமியில் ரிஃபாம்பிசினோடும், நிமோனியாவையும் உண்டாக்கக்கூடிய ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில் சிப்ரோஃபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தோடும் இதைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு இது பெரும் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி.

அந்த மாத்திரையில் இருப்பது அளந்து சேர்த்த 10 மில்லிகிராம்; உங்கள் கஷாயத்தில் எவ்வளவு? பைப்பரின் தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். மிளகுக்கு மிளகு அதன் அளவும் மாறும். கொதிக்கவைத்து வடிகட்டிய பின் எவ்வளவு குவளைக்கு வந்தது, எவ்வளவு சக்கையிலேயே தங்கியது என்று அடுப்படியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கணவருக்குத் தரப்படும் மாத்திரைகளின் எண்ணிக்கையோ அவருடைய எடையைப் பார்த்து நிர்ணயித்தது. அதைப் பாதியாக்கினால் மருந்துக்குச் சாகாத கிருமிகள் மிஞ்சிப் பெருகும். பிறகு ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் கட்டுப்படாத காசநோயாக அது மாறினால் சிகிச்சை இன்னும் கடினமாகிவிடும்.

ரசத்திலும் பொங்கலிலும் போடும் மிளகுக்குத் தடையில்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். கடைகளில் விற்கும் பைப்பரின் மாத்திரைகளை மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். காசநோய் மருந்துகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அவற்றின் அளவு இரத்தத்தில் கூடுவதும் நல்லதல்ல. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, பசியே இல்லாமல் வாந்தி தொடர்ந்தாலோ அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.