பச்சிளங்குழந்தையின் முகத்தில் சிவந்த வட்டங்கள்

கேள்வி: பென்னாகரம் அருகே வசிக்கிறோம். என் ஆறு வாரப் பெண் குழந்தைக்குக் கண்களைச் சுற்றியும் நெற்றியிலும் சிவந்த வட்டங்கள் தோன்றின. மாமியார் செவ்வாப்பு என்றார். மருந்துக் கடையில் படர்தாமரைக் களிம்பு கொடுத்தார்கள். தருமபுரியில் காட்டியபோது, என் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளால் வந்த லூபஸ் என்றார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லையே! குழந்தைக்கு இது ஆயுள் முழுவதும் இருக்குமா?

பதில்: இருக்காது. நம் நோயெதிர்ப்பு ஆற்றல் நம் உடலையே தாக்குவதால் பெரியவர்களுக்கு வரும் லூபஸ் வேறு, இது வேறு. தாயின் இரத்தத்திலுள்ள ஆன்டி-ரோ, ஆன்டி-லா என்னும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலேயே குழந்தையை அடைவதால் இது உண்டாகிறது. அவற்றைச் சுமக்கும் தாய்மார்கள் பலரும் உங்களைப் போல நலமாகவே இருப்பவர்கள்தாம். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலிலிருந்து நீங்க நீங்க, 6 முதல் 8 மாதங்களுக்குள் தடிப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும். குழந்தைக்குக் காலை இளவெயில் காட்டும் வழக்கத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள். வெயில் பட்டால் இத்தடிப்பு கூடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரத்தத் தட்டணுக்கள் குறைவதும் கல்லீரல் நொதிகள் உயர்வதும் உண்டு என்பதால், ஓர் இரத்தப் பரிசோதனை தேவை. அவையும் பெரும்பாலும் தாமே சரியாகிவிடும்.

ஆனால், உங்கள் கடிதத்தில் ஈ.சி.ஜி. பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் முற்றிலும் தடைபட்டுவிட்டால், அது மட்டும் எதிர்ப்பொருள் நீங்கிய பின்னும் மாறாது. நிமிடத்திற்கு 120க்கு மேல் துடிக்க வேண்டிய இதயம் 60, 50 என்று இறங்கிவிடும்; அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படுகிறது, சிலர் கருவிலோ முதல் சில மாதங்களிலோ இறந்தும் போகிறார்கள். ஆன்டி-ரோ உள்ள தாய்மார்களின் கருக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் இது நேர்கிறது. அதுவும் பெரும்பாலும் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரங்களுக்குள் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் மகளுக்கு இருக்க வாய்ப்பு குறைவே என்றாலும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த வாரமே ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

முதல் குழந்தைக்குத் தோலில் மட்டும் வந்திருந்தாலும், அடுத்த குழந்தைக்கு இதயப் பாதிப்பு நேரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் மேலாகக் கூடுகிறது. எனவே மீண்டும் கருவுற்றால் முதல் மாதங்களிலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. 16ஆம் வாரத்திலிருந்து கருவின் இதயத்தை எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை மூலம் கண்காணிப்பார்கள். உங்களுக்கும் மூட்டுவாத மருத்துவரின் பரிசோதனை ஒருமுறை அவசியம். கண்ணும் வாயும் வறண்டாலோ மூட்டுகள் வலித்து வீங்கினாலோ காலம் தாழ்த்தாமல் அவரிடம் செல்லுங்கள்.