கற்பனை அதிகம், ஐக்யூ சுமார்: என் மகன் புத்திசாலி இல்லையா?

பத்தாவது படிக்கும் உங்கள் மகன் கதை எழுதுவதில் கெட்டிக்காரன், ஐக்யூ என்னும் அறிவுத்திறன் சோதனையில் மட்டும் சுமாராக வந்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்து அவனுடைய கற்பனையை எடை போடாதீர்கள்.

கெட்செல்ஸ், ஜாக்சன் என்ற இரு உளவியலாளர்கள் சிகாகோவில் ஒரு பள்ளியின் வளரிளம் பருவ மாணவர்களை ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐக்யூவில் முந்தியவர்களின் சராசரி 150. படைப்பாற்றலில் முந்தியவர்களின் ஐக்யூ சராசரி 127. இருந்தும் பாடத்தில் இரு தரப்பும் சமம். ஆசிரியர்களுக்கு அதிகம் பிடித்ததோ ஐக்யூ தரப்பைத்தான்.

விமானத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டிக் கதை கேட்டார்கள். ஐக்யூ தரப்பு மாணவர் ஒருவர், வியாபாரம் வெற்றியாக முடிந்து குடும்பத்தைப் பார்க்கப் போகிறார் என்று எழுதினார். மறுதரப்பில் வந்த கதை: அவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார். மனைவி ராத்திரியில் பூசும் கிரீமால் அவள் தலை தலையணையில் வழுக்கி வந்து இவர் தலையில் இடிக்குமாம். இப்போது வழுக்காத கிரீம் செய்ய யோசித்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு இந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் 127 என்பதே நல்ல உயரம்தான். அறிவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

சுபாவம்தான் பெரிய விஷயம் என்பேன். 1965இல் வாலக், கோகன் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டுபோல, நேரக்கெடு வைக்காமல் சோதித்தார்கள். அப்போது அறிவும் படைப்பாற்றலும் தனித்தனியாகத் தெரிந்தன. அறிவில் உயர்ந்து படைப்பாற்றலில் பின்தங்கிய பிள்ளைகளிடம் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் இருந்தது.

பிளஸ் ஒன் வகுப்பில் தமிழ் நடத்தும் நானும் இதைப் பார்க்கிறேன். மழை பற்றிக் கட்டுரை என்றால் எல்லாத் தாளிலும் நோட்ஸில் உள்ள அதே வரிகள். "இதுக்கு மார்க் கிடையாது" என்று சொன்ன ஒருநாள், வாயே திறக்காத ஒரு பெண், மாடியில் காயும் வடாமை அள்ள ஓடும் அம்மாவின் திட்டுகளை மட்டும் வைத்தே ஒரு பக்கம் எழுதினாள். வகுப்பில் படித்தபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பரீட்சைத் தாளில் அவள் அப்படி எழுதவே மாட்டாள்.

அதனால் மகனிடம் ஐக்யூ பேச்சை எடுக்காதீர்கள். கதையைக் கொண்டுவந்து காட்டினால் அன்றைக்கு எழுத்துப்பிழையைத் திருத்தாமல், அடுத்து என்ன நடந்தது என்று கேளுங்கள்.