ஸ்ட்ரோக்கில் இறந்த மூளைச் செல்கள் மறுபடி முளைக்குமா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார், வலது கை மட்டும் சரியாக வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த செல்கள் திரும்ப வளரும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். செல் ஆராய்ச்சியில் உண்மையில் என்னதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்? நம்பிப் பணம் கட்டலாமா?"

பணம் கட்டாதீர்கள். செத்த செல் திரும்பி வராது. ஆனால் கை இன்னும் தேறலாம். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகின்றன என்பதைத்தான் முப்பது வருட ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு எலிகளின் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை செய்தவள். என் பெரியம்மாவுக்கும் ஸ்ட்ரோக் வந்தது. அவர் தன் கையோடு மல்லுக்கட்டியதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

ரத்தக்குழாய் அடைத்தால், ரத்தம் அறவே போகாத நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அங்கே செல்கள் உயிரோடு இருக்கும், வேலை செய்யாது. ரத்தம் சீக்கிரம் திரும்பினால் பிழைக்கும், இல்லாவிட்டால் போய்விடும். பெரிய குழாய் அடைத்துச் சிகிச்சை இல்லாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள், அதாவது மூளையின் நரம்புச் செல்கள், போகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ ஊசி, குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பது எல்லாமே அந்த வளையத்தைக் காப்பாற்றத்தான். ஊசிக்கு நாலரை மணி நேரம், கம்பிக்குச் சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் என்று கெடு இருப்பதும் அதனால்தான். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கட்டம் முடிந்துவிட்டது.

அப்புறம் என்ன நடக்கும்? மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோக்லியாவும் ரத்தத்திலிருந்து வரும் வெள்ளணுக்களும் இறந்ததை அப்புறப்படுத்தும். ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் தடித்துப் பெருத்து ஓரத்தில் தழும்பு போடும். சில மாதங்களில் இறந்த இடம் நீர் நிறைந்த வெற்றுக் குழியாகிவிடும். ஸ்கேனில் உங்களுக்குக் காட்டியிருப்பது அந்தக் குழியைத்தான். சாயமேற்றிய எலி மூளைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் நடுவில் ஒன்றுமே இருக்காது, கருப்பு. விளிம்பில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பச்சையாக நெருக்கியடித்து நிற்கும், இழைகளெல்லாம் குழியைப் பார்த்து நீண்டிருக்கும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும், முழு நியூரான்கள் வந்துவிடும். எங்கள் வேலை பெரும்பாலும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான். குழியை யாரும் நிரப்பப் பார்க்கவில்லை, ஓரத்தில் பிழைத்திருப்பவை என்ன செய்கின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, மூளை தானாகப் புது நியூரான் செய்யாதா? வளர்ந்த மூளையில் எதுவும் மறுபடி பிறக்காது என்பதுதான் நரம்பியலின் முன்னோடியான ரமோன் இ கஹால் காலத்திலிருந்து இருந்த நம்பிக்கை. 1960களில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளில் புது நியூரான்களைக் காட்டியபோது பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 2002இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஓலே லிண்ட்வால், ஸால் கொகையா குழுவினர் ஸ்ட்ரோக் வந்த எலிகளில் புது நியூரான்கள் பிறந்து சேதமான இடத்துக்கே நகர்வதைக் கண்டார்கள். பெரிய செய்திதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்தன. எஞ்சியவை, இழந்த நியூரான்களில் சுமார் 0.2 சதவீதத்தைத்தான் ஈடுகட்டின. ஆயிரம் போன இடத்தில் இரண்டு.

மனிதர்களில் அதுகூட இல்லை போலிருக்கிறது. இதை யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது, பிறகு வருடாவருடம் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அந்த வருடத்து அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். ஸ்ட்ரோக் வந்து பிறகு இறந்தவர்களின் பெருமூளைப் புறணியை எடுத்து 2014இல் அளந்தார்கள். அங்கிருந்த நியூரான்களுக்கு அந்த மனிதர்களின் வயதேதான். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பிறந்த நியூரான் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படியானால் கை எப்படித் தேறுகிறது? பிழைத்த செல்கள் புது இணைப்பு போடுகின்றன. ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில், வளரும் குழந்தையின் மூளையில் வேலை செய்யும் மரபணுக்களில் பல, குழியின் ஓரத்திலுள்ள நியூரான்களில் மறுபடி விழித்துக்கொள்கின்றன. நியூரானின் நீண்ட இழைகளான ஆக்சான்கள் புதுக்கிளை விடுகின்றன, நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் புதிதாக முளைக்கின்றன. முன்பு தோளையும் முழங்கையையும் கவனித்த பகுதி விரல்களின் வேலையிலும் பங்கெடுக்கத் தொடங்குகிறது. 1996இல் ராண்டால்ஃப் நூடோ குரங்குகளில் இதைக் காட்டினார். கைக்கான பகுதியில் சிறு ஸ்ட்ரோக் உண்டாக்கிவிட்டுச் சும்மா விட்டால், சேதமாகாத பக்கத்துத் திசுவிலும் கைக்கான இடம் சுருங்கிப்போனது. விரல்களால் நுணுக்கமாக எடுக்கும் வேலையைத் தினமும் கொடுத்த குரங்குகளில் அது சுருங்கவில்லை, சிலவற்றில் விரிந்தது. செல்கள் கிளை விடத் தயாராக இருக்கலாம். எந்தப் பக்கம் விட வேண்டும் என்பதை அந்தக் கையின் உழைப்புதான் சொல்கிறது.

இன்றைய செல் ஆராய்ச்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்டெம் செல் இல்லை, இந்தக் கிளைவிடுதலுக்குப் போடப்பட்டிருக்கும் தடைகள்தான். ஸூரிக்கைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வாப், நரம்பைச் சுற்றியிருக்கும் மைலினில் வளர்ச்சியை நிறுத்தும் நோகோ-ஏ என்ற புரதத்தைக் கண்டுபிடித்தவர். 2014இல் அவர் குழுவினர் ஸ்ட்ரோக் வந்த எலிகளுக்கு அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தும் கொடுத்தார்கள், கைப்பயிற்சியும் கொடுத்தார்கள். முதலில் மருந்து, இழைகள் வளர்ந்த பிறகு பயிற்சி என்ற வரிசையில் எலிகள் அபாரமாகத் தேறின. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தபோது இழைகள் தாறுமாறாக வளர்ந்தன, கை சரியாகத் தேறவில்லை. இழை வளர்ந்தால் மட்டும் போதாது, வளர்ந்தது ஒழுங்காக அடங்கவும் வேண்டும்.

காபா விஷயமும் அப்படித்தான். குழியின் ஓரத்து நியூரான்களைக் காபா என்ற ரசாயனம் அளவுக்கு மீறி அடக்கி வைக்கிறது என்று 2010இல் லாஸ் ஏஞ்சலீஸில் தாமஸ் கார்மைக்கேல் குழு சுண்டெலிகளில் கண்டது. மூன்று நாள் கழித்து அந்த அடக்கத்தைத் தளர்த்தினால் கை நன்றாகத் தேறியது. ஸ்ட்ரோக் வந்த உடனேயே தளர்த்தினால் குழி பெரிதானது. முதல் நாளில் காக்கும் அதே அடக்கம் பிறகு முட்டுக்கட்டையாகிறது. மூளையைத் தூண்டும் மருந்தை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும்.

அதே குழுவினர் 2019இல் சிசிஆர்5 என்ற ஏற்பியைப் பற்றி எழுதினார்கள். எச்ஐவி கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் அது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நியூரான்களில் அது கூடுகிறது, கூடினால் தேறுவது குறைகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாது. இஸ்ரேலில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். சிசிஆர்5ஐ அடைக்கும் மரவிராக் என்ற எச்ஐவி மாத்திரை ஏற்கெனவே கையில் இருப்பதால், பயிற்சியோடு சேர்த்து நோயாளிகளில் சோதிக்க முடிந்தது. எனக்கு இதில் நிஜமாகவே நம்பிக்கை உண்டு. அதற்காகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூக்ஸெடின் மாத்திரையின் கதை தெரியுமல்லவா? 118 பேரை வைத்து 2011இல் நடந்த ஆய்வில் அந்த மாத்திரை கை காலைத் தேற்றுகிறது என்று தெரிந்ததும் பல இடங்களில் எழுதிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2018இல் 3,127 பேரை வைத்துப் பார்த்தபோது பலன் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியது.

இப்போது ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். நரம்பில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் மாட்டிக்கொள்ளும். மூளைக்குப் போய்ச் சேர்வது சொற்பம், அதுவும் நியூரானாக மாறி வேலை செய்வதில்லை. பலன் ஏதாவது வந்தால், அந்தச் செல்கள் சுரக்கும் பொருட்கள் வீக்கத்தைக் குறைப்பதால் வரலாம் என்பதுதான் இப்போதைய கருத்து. பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இந்தியாவிலேயே 120 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்லை ஏற்றிக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 206 பேரை வைத்து நடந்த ட்ரெஷர் ஆய்விலும் முக்கிய இலக்கு எட்டப்படவில்லை. மண்டையில் சிறு துளையிட்டு நேராக மூளையிலேயே செல் வைத்த ஆய்வு ஒன்று ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் தலைமையில் 18 பேரிடம் நடந்து, 2016இல் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. பழைய ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் அதே செல்லை ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்தபோது, 2019இல் அதுவும் இலக்கைத் தொடவில்லை.

துறையே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனிதத் தோல் செல்லை நியூரானாக மாற்றி எலியின் மூளையில் வைத்தபோது, அது எலியின் சுற்றுகளோடு இணைந்து இயக்கத்துக்கு உதவியதை 2020இல் லுண்ட் குழுவினர் காட்டினார்கள். ஒரு நாள் இது மனிதர்களுக்கும் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அது வேறு, ஒரு கிளினிக்கில் இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு நரம்பில் ஏற்றுவது வேறு. அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இது பதிவு செய்த ஆய்வா, பதிவு எண் என்ன? ஆய்வு என்றால் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வு இல்லை என்றால், பலன் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அந்தப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், என் பதில் கைப்பயிற்சிதான். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் எலிகள் கண்ணாடிப் பெட்டியின் ஒடுக்கமான பிளவு வழியே கை நீட்டி ஒரு சிறு தீனி உருண்டையை எடுக்க வேண்டும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கை பிளவைத் தாண்டும், ஆனால் விரல் மூடுவதற்குள் உருண்டை தட்டுப்பட்டு உருண்டுவிடும். எலி விடாது, திரும்பத் திரும்ப நீட்டும். இப்படிப்பட்ட சோதனைகளில் ஒரு அமர்வுக்கு நூற்றுக்கணக்கான முறை அந்த அசைவு நடக்கிறது. மனிதர்களுக்கு எத்தனை முறை என்று கேத்தரின் லாங் குழுவினர் அமெரிக்க, கனடிய மையங்களில் உட்கார்ந்து எண்ணி 2009இல் வெளியிட்டார்கள். கையை வைத்து ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி அமர்வுக்குச் சராசரியாக 32 முறை. இதைப் படித்த அன்றுதான் பெரியம்மா கை ஏன் நகரவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் பிசியோதெரபிக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அதில் பாதி நேரம் வேறு யாரோ அவர் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறர் ஆட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அது தேவைதான். ஆனால் நியூரானுக்கு வேலை, அவரே முயலும்போதுதான். அப்புறம் வீட்டிலேயே துணி மடிப்பது, டம்ளரை நகர்த்துவது, மூடி திருகுவது என்று மாற்றினோம். முழுதாகத் தேறவில்லை. பேனா இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் ரவிக்கை ஊக்கு அவரே போட்டுக்கொள்கிறார்.

எட்டு மாதம் ஆகிவிட்டதே என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும். கூடுதல் பயிற்சிக்கு மிகத் தோதான காலம் இரண்டு, மூன்று மாதக் கட்டம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆறு மாதம் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக 20 மணி நேரம் கொடுத்ததில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் லண்டனின் குவீன் ஸ்கொயரில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கொடுத்தார்கள். 224 பேர், பாதிப் பேருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருடத்துக்கும் மேல். கை தேறியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பீட்டோடு நடந்தது எக்ஸைட் ஆய்வு, 2006. நல்ல கைக்கு உறை மாட்டி, முடியாத கையையே வேலை செய்ய வைத்தார்கள். இரண்டு வாரம், தினமும் பல மணி நேரம். மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருந்த 222 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் தெரிந்தது. உங்கள் அப்பா சரியாக அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்.

இதற்குக் கொஞ்சமாவது அசைவு வேண்டும். மேசை மேல் முன்கையை வைத்து, மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் வேறு இரண்டு விரல்களும் சிறிதாவது விரிகின்றனவா என்று பாருங்கள். மணிக்கட்டிலும் விரல்களிலும் பத்து பாகை அசைந்தாலே அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். அசைந்தால், அவரைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் இந்த முறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கட்டுப்பாட்டு இயக்கச் சிகிச்சை, ஆங்கிலத்தில் கன்ஸ்ட்ரெய்ன்ட் இண்டியூஸ்டு மூவ்மென்ட் தெரபி. விரல் இறுகிக்கிடந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் இறுக்கத்தைக் காட்டுங்கள், அதற்கு ஊசி உண்டு. அவருக்கு எவ்வளவு விரிகிறது என்று கீழே எழுதினால், வீட்டில் எங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.