குழாயை அடைத்த விரலும் ஊர்ந்து போகும் ரத்தமும்

ஐயா,

தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்கிறது. பாதை குறுகினால் வேகம் கூடும் என்றுதான் பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் இயற்பியல் புத்தகமும் சொல்கிறது. ஆனால் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளில் ரத்தம் ஊர்ந்து போகிறது என்கிறது அவனுடைய உயிரியல் புத்தகம். எது சரி? இன்னொன்று: பி.பி. பார்க்கும்போது கையை மேசைமேல் வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு புத்தகமும் சரி. தந்துகியை ஒற்றைக் குழாயாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு குழாயின் அகலமல்ல, பக்கம் பக்கமாக ஓடும் எல்லாக் குழாய்களின் மொத்தப் பரப்பு. வாய்க்காலில் விரைந்து வரும் நீர் வயல் முழுக்கப் பாத்திகளில் பரவும்போது எப்படி மெதுவாகிறது?

மகனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது, அதாவது நொடிக்கு 83 கன செ.மீ. பெருந்தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 சதுர செ.மீ. என்று கொண்டால் வேகம் நொடிக்கு 20 செ.மீ. தந்துகிகள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் சுமார் 2,500 சதுர செ.மீ. வரும். அதே 83-ஐ இதால் வகுத்தால் நொடிக்கு மூன்றில் ஒரு மி.மீ.தான். தந்துகியின் நீளமே 1 மி.மீ.க்குள். ஆக, ஒரு சிவப்பணு அதைக் கடக்க ஒன்று முதல் மூன்று நொடி ஆகும். அதற்குள் ஆக்சிஜனை இறக்கிவிடும். 8 மைக்ரான் அகலமுள்ள அந்த அணு, தன்னைவிடக் குறுகலான தந்துகியில் உடம்பை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைந்து போகும்.

சரி, உங்கள் விரல் உடலில் எங்கே இருக்கிறது? தந்துகிக்கு ஒரு படி முன்னால், நுண்தமனிகளில். விரல் வைத்த குழாயின் அடியில் ஒரு குடத்தை வையுங்கள்: சீறல் கூடினாலும் குடம் நிறையக் கூடுதல் நேரமாகும். தடை செய்யும் வேலை அது. நுண்தமனிக்குள் நுழையும்போது ஏறக்குறைய 85 மி.மீ. பாதரசம் இருக்கும் சராசரி அழுத்தம், வெளியே வரும்போது 30-க்கு இறங்கிவிடுகிறது. மொத்தச் சுற்றில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி வேறெங்கும் இல்லை. அதன் சுவரில் உள்ள தசை சுருங்கி விரிவதுதான் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்பதைப் பங்கிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டுக் கண்ட விதி இங்கே பேசுகிறது: ஓட்டம் ஆரத்தின் 4-ஆம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. வெறும் 10 சதவீதம் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். (ரத்தம் வெறும் நீரல்ல, அணுக்கள் மிதக்கும் குழம்பு, அதனால் இது தோராயக் கணக்கு.)

கொழுப்புப் படிந்து ஒரு தமனி ஓரிடத்தில் மட்டும் குறுகினால், அப்போது உங்கள் மகனின் இயற்பியல் புத்தகம் அப்படியே பொருந்தும். அந்த இடத்தில் ரத்தம் சீறும், தாண்டியதும் சுழலும். கழுத்துத் தமனி டாப்ளர் ஸ்கேனில் வேகத்தை அளந்து அடைப்பைக் கணிப்பது இதனால்தான்.

கை விஷயம் சம்பிரதாயமே இல்லை. 13 மி.மீ. உயர ரத்தம் 1 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். மேல்கையில் கட்டிய பட்டை இதயத்துக்கு 13 செ.மீ. கீழே இறங்கினால் அளவு 10 கூடிவிடும். 130 இருப்பவருக்கு 140 காட்டும், மாத்திரைப் பேச்சு தொடங்கிவிடும். பட்டையின் நடுப்பகுதி நடுமார்பின் உயரத்தில் இருக்கட்டும், கை எதன்மீதாவது தளர்வாகப் படுத்திருக்கட்டும். அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி அதுவும் அளவை ஏற்றும். சதைப்பிடிப்பான கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் இதே கதைதான். மணிக்கட்டில் கட்டும் கருவி வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மடியில் கையை வைத்தபடி பொத்தானை அமுக்காதீர்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு அமுக்குங்கள்.