சட்டையைக் கழற்றுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பிறவியிலேயே எனக்கு நெஞ்சின் நடுவில் குழி. பள்ளி முடிக்கும் வயதில் அது இன்னும் ஆழமாகிவிட்டது. வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. எங்கள் ஊர் மருத்துவர் பார்த்துவிட்டு, பார்வைக்குத்தான் குறை, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார். பாட்டி கிரகணத்தின்மேல் பழி போடுகிறார். நண்பர்கள் தண்டால் எடுக்கச் சொல்கிறார்கள். நான் ஆறடி இரண்டு அங்குலம், ஒல்லி. அப்பாவும் அப்படித்தான், 41 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இந்தக் குழியைப் பற்றி முன்கூட்டியே சொல்லவேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சொல்லிவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிரகணத்துக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. தண்டால் எடுத்தால் தசை பருக்கும், கூன் நிமிரும், எலும்பு எழும்பி வராது.

நான் கேட்க விரும்புவது வேறு. அந்த மருத்துவர் உங்கள் சட்டையைக் கழற்றச் சொன்னாரா?

சென்ற மாதம் இருமலுக்காக ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். தடித்த கதர்ச் சட்டை, உள்ளே பனியன். இரண்டுக்கும் மேலாக ஸ்டெதாஸ்கோப்பை மூன்று இடத்தில் ஒற்றிவிட்டு மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார். என் பையிலிருந்த பேனாவின் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார். அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் இதையே புலம்பிக்கொண்டிருக்கிறேன். வாசலில் அறுபது பேரை உட்காரவைத்திருப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கழற்றச் சொன்னால் நாமும் முதல் பொத்தானோடு நின்றுவிடுகிறோம்.

என் சித்தப்பாவுக்கும் உங்களைப் போன்ற நெஞ்சுதான். தீபாவளி விடியலில் பாட்டி அவரைத் திண்ணையில் மல்லாக்கப் படுக்கவைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயை அந்தக் குழியில் ஊற்றுவாள். பொரிந்த மிளகு இரண்டு மிதக்க எண்ணெய் அங்கே தேங்கி நிற்கும். அதிலிருந்தே விரலால் தொட்டுத் தொட்டு எங்கள் உச்சந்தலைகளில் வைப்பாள். சித்தப்பா சிரித்தால் எண்ணெய் வழிந்துவிடும் என்று நாங்கள் சுற்றி நின்று சிரிப்பு மூட்டுவோம். கல்யாணமான வருடம் மைத்துனர் கூட்டம் எதையோ சொல்லிச் சிரித்தது. அதன்பின் அவரை யாரும் வெற்று மார்போடு பார்த்ததில்லை. ஆற்றுக்குப் போனால் படித்துறையில் உட்கார்ந்து எங்கள் துணிகளுக்குக் காவல். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். எங்களை அனுப்பிவிட்டு அவர் கடற்கரையிலேயே நின்றுகொண்டார். எழுபதைத் தாண்டி நன்றாகவே வாழ்ந்தார். குழி ஆழமில்லாதவர்களில் பெரும்பாலோர் அப்படி வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அவருடைய குழி எவ்வளவு ஆழம் என்று எந்த மருத்துவரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் துணிச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. எலும்பு மிகவும் உள்வாங்கினால் அந்த அறையை அழுத்தும். இதயமே இடப்பக்கம் ஒதுங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது. ஓடும்போது கூடுதல் ரத்தம் வந்து நிரம்ப இடம் போதாது, மூச்சு இரைக்கும். படுக்கவைத்து ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ சோதனையில் இது தப்பிவிடலாம் என்பதால் உடலை உழைக்கவைத்தும் சோதிப்பார்கள். சி.டி. ஸ்கேனில் மார்புக்கூட்டின் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுப்பார்கள். சாதாரணமாக 2.5 வரும். 3.25ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அதில் ஒன்று, 1987இல் அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய முறை: வளைந்த உலோகப் பட்டையை விலாப்பக்கமாக நுழைத்துத் திருப்பி எலும்பைத் தூக்கி நிறுத்துவது. பட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளேயே இருக்கும். வலி கடுமையானது. செய்துகொள்வதா என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சு.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி வேறொன்று. ஆறடி இரண்டு அங்குலம், ஒல்லி, முற்றுப்புள்ளி, அப்பா 41 வயதில் போய்விட்டார்! பாட்டியின் கிரகணத்துக்கும் நண்பர்களின் தண்டாலுக்கும் பின்னால் இதையும் ஒரு தகவலாகச் செருகியிருக்கிறீர்கள். பெண் வீட்டாரைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைக்கு இது உறைக்கவேண்டாமா?

மார்ஃபான் (Marfan) நோய் என்று ஒன்று உண்டு, குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. நெடிய உடல், நீண்ட கைவிரல்கள், பலருக்கு இதே குழிந்த நெஞ்சு. ஆபத்து நெஞ்சில் இல்லை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் இருக்கிறது. அது மெல்ல விரிந்து ஒருநாள் கிழியலாம். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது சரிந்து இறந்தார். வயது 31. உடற்கூறாய்வில்தான் பெருந்தமனி கிழிந்ததும் நோயின் பெயரும் தெரிந்தன. அதைக் கேட்டுச் சோதித்துக்கொண்ட அவருடைய சகோதரருக்கும் அதே நோய் இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவன் இல்லை. ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறுகையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். நகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா? ஏறினாலும் ஏறாவிட்டாலும் இந்த வாரமே ஓர் இதய மருத்துவரிடம் போங்கள். அப்பாவின் கதையை முதலில் சொல்லுங்கள். பனியனையும் கழற்றுங்கள், அவர் கேட்காவிட்டாலும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள். பெருந்தமனியின் அளவு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். கல்யாணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.